விபத்தில் முதுகெலும்பு முறிந்தவரின் குடும்பத்தாருக்கு: அறுவை சிகிச்சை முதல் வீடு திரும்பும் வரை

என் தம்பி கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்ட அன்று, அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு, வெள்ளைக் கோட்டுப் போட்ட அத்தனை பேரிடமும் நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "அவன் நடப்பானா?" அதற்கு அன்று யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. தண்டுவடத்தில் அடிபட்ட முதல் சில நாட்களில் எது திரும்பும், எது திரும்பாது என்பதை எந்த நிபுணராலும் உறுதியாகக் கணிக்க இயலாது. ஆனால் அந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்ததில், உடனே பதில் கிடைத்திருக்கக்கூடிய, கேட்டிருந்தால் அவனுக்குப் பெரிதும் உதவியிருக்கக்கூடிய வேறு பல கேள்விகளை நாங்கள் கேட்காமலே விட்டோம். அவனுடைய முதுகின் அடியில் நான்கு மாதங்கள் ஆறாமல் கிடந்த படுக்கைப்புண் அந்த அறியாமையால் வந்தது.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இன்று அதே வாசலில் நிற்கும் குடும்பங்களுக்காக, நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆறு ஆண்டுகளாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. உங்கள் நோயாளியின் நிலையை அறிந்த மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எலும்பு வேறு, தண்டுவடம் வேறு

மருத்துவர் எங்கள் அம்மாவிடம் மலாயில் "தூலாங் பெலாகாங் பாத்தா" என்றார். முதுகெலும்பு முறிந்துவிட்டது என்று பொருள். கால் எலும்பு முறிந்த பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதத்தில் எழுந்து நடந்ததைப் பார்த்திருந்த அம்மா, எலும்புதானே, ஒட்டிவிடும் என்று எடுத்துக்கொண்டார். மருத்துவர் அடுத்துச் சொன்ன "சாராஃப் துன்ஜாங்" என்ற சொல் அம்மாவின் காதில் விழவே இல்லை. அதுதான் தண்டுவடம், அன்று நாங்கள் கவனித்திருக்க வேண்டிய சொல்லும் அதுதான்.

முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட 33 முள்ளெலும்புகளின் வரிசை: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன 5, கடைசியில் வாலெலும்பாக 4. இவற்றின் நடுவே செல்லும் குழாயில்தான் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்பின் மட்டத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு நரம்புகள் குதிரைவால் போலப் பிரிந்து இறங்குகின்றன. எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பியவர்கள் உண்டு. எலும்பில் சிறு விரிசலே இருக்க, தண்டுவடம் நசுங்கியவர்களும் உண்டு. எலும்பு கூடும்; நசுங்கிய தண்டுவடம் எலும்பைப் போலக் கூடுவதில்லை. இந்த வேறுபாட்டைக் குடும்பத்தில் ஒருவராவது முதல் நாளே புரிந்துகொண்டால், பின்னால் மருத்துவர் சொல்லும் ஒவ்வொன்றும் தெளிவாக விளங்கும்.

அடிபட்ட இடம் எவ்வளவு மேலே இருக்கிறதோ, பாதிப்பும் அவ்வளவு விரிவாக இருக்கும். கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகள்தாம் மூச்சு இழுக்கும் உதரவிதானத்தை இயக்குகின்றன. ஆகவே அந்த மட்டத்துக்கு மேல் அடிபட்டால் மூச்சுக்கே கருவி தேவைப்படலாம். மார்புப் பகுதியில் அடிபட்டவர்களுக்குக் கை நன்றாக இருக்கும், கால்கள் பாதிக்கப்படும். அசைவு குறைந்த மார்புப் பகுதியும் அசைவு மிகுந்த இடுப்புப் பகுதியும் சந்திக்கும் இடம் முறிவுக்கு அதிகம் ஆளாகும் இடங்களில் ஒன்று. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த தம்பிக்கும், சாரக்கட்டிலிருந்து விழுந்து அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவருக்கும் அங்கேதான் முறிந்திருந்தது.

சாலையில்

விபத்து நடந்த இடத்தில் நான்கு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, காரின் பின் இருக்கையில் மடக்கிப் படுக்க வைத்து ஓட்டிச் செல்வது நம்மிடையே இன்னும் இருக்கும் பழக்கம். உதவும் எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் உறுதி இழந்த முதுகெலும்பை அப்படி மடக்குவது, அதுவரை தப்பியிருந்த தண்டுவடத்தையும் நசுக்கிவிடக்கூடும். 999 எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். வண்டிகள் மோதாதபடி எச்சரிக்கைச் செய்யுங்கள். அடிபட்டவரின் தலையை இரு கைகளாலும் கிடந்த நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். வண்டி தீப்பற்றினாலோ, மூச்சு நின்றுபோனாலோ உயிர்தான் முதலில். அப்போது நகர்த்தியே ஆக வேண்டும்.

அவசரப் பிரிவில் நடப்பவை

முதலில் மூச்சு, இரத்தப்போக்கு, தலைக்காயம் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். கழுத்தில் பட்டை போடுவார்கள். திருப்ப வேண்டியிருந்தால் மரக்கட்டையை உருட்டுவதுபோல் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி பலர் சேர்ந்து உருட்டுவார்கள். சி.டி. ஸ்கேன் எலும்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தையும் தசைநார்களையும் காட்டும். மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு நரம்புக் கட்டுப்பாடு குலைந்து இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்கிவிடும். நசுங்கிய தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டம் குறையக் கூடாது என்பதால், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைத்து மருந்து மூலம் அழுத்தத்தைச் சில நாட்களுக்கு உயர்த்தி வைப்பதுண்டு. "எலும்புதானே முறிந்தது, எதற்கு ஐ.சி.யூ.?" என்று பதறும் உறவினர்களுக்கு இதுவே விடை.

பிறகு பஞ்சாலும் ஊசி முனையாலும் உடல் முழுவதும் தொட்டு, எங்கே உணர்வு இருக்கிறது, எங்கே இல்லை என்று குறிப்பார்கள். மலவாயிலும் விரல் விட்டுச் சோதிப்பார்கள். இதைக் கேட்டு எங்கள் மாமா சினந்துகொண்டார். ஆனால் அந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது. தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கேதான் வந்து சேர்கின்றன. அங்கே சிறிதளவு உணர்வோ இறுக்கமோ இருந்தால், தண்டுவடம் முழுவதும் அறுபடவில்லை என்று பொருள். இந்தச் சோதனைகளின் முடிவில் ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்தைத் தருவார்கள். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே அந்தக் கடைசி நரம்புகள் வரை உணர்வும் அசைவும் அறவே இல்லை. பி என்றால் உணர்வு மட்டும் உண்டு. சி, டி என்றால் அசைவும் உண்டு. டி-யில் வலு கூடுதல். ஈ என்றால் இயல்பு நிலை.

அந்த எழுத்தையும், எந்த முள்ளெலும்பு மட்டம் என்பதையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். அடிபட்ட அதிர்ச்சியில் தண்டுவடம் சில நாட்களோ வாரங்களோ செயலற்றுக் கிடக்கும் நிலை ஒன்று உண்டு. அப்போது உண்மையான பாதிப்பைவிட மோசமாகவே தெரியும். அதனால் ஏறக்குறைய 72 மணி நேரத்துக்குப் பிறகு மீண்டும் செய்யப்படும் சோதனையின் எழுத்தே, வருங்காலத்தைப் பற்றி ஓரளவு நம்பத்தக்கச் செய்தியைத் தரும். "நடப்பானா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைய சோதனையில் என்ன எழுத்து, போன முறையைவிட ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். இதற்கு மருத்துவரால் நேராகப் பதில் சொல்ல முடியும்.

அறுவை சிகிச்சை எதற்கு

அறுவை சிகிச்சை தண்டுவடத்தைத் தைத்து ஒட்டுவதற்காகச் செய்யப்படுவதில்லை; அப்படி ஒட்டும் சிகிச்சை இன்று எந்த ஊரிலும் கிடையாது. தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கும் எலும்புத் துண்டையோ, முள்ளெலும்புகளுக்கு இடையிலிருந்து பிதுங்கிய மெத்தை போன்ற வட்டையோ, இரத்தக் கட்டியையோ அகற்றுவது ஒரு நோக்கம். ஆட்டம் கண்ட முதுகெலும்பை அசையாமல் நிறுத்துவது மற்றொன்று. அடிபட்டதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்குவது நல்லது என்பதே இன்று உலகளவில் பின்பற்றப்படும் வழிகாட்டல். நடைமுறையில் நுரையீரல் காயம், உள் இரத்தப்போக்கு, சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிய நிலை என்று தாமதத்துக்குக் காரணங்கள் இருக்கும். தாமதமானால் என்ன காரணம் என்று பணிவோடு கேட்பது உங்கள் உரிமை.

எல்லா முறிவுக்கும் கத்தி தேவையில்லை. நரம்பு பாதிக்கப்படாமல், முள்ளெலும்பு நசுங்கி உயரம் மட்டும் குறைந்திருந்தால், உடலோடு இறுகப் பொருந்தும் கவசப் பட்டை அணிந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் ஆறிவிடுபவர்கள் பலர். அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்கு நடந்தது இந்த வகை அறுவைகளில் மிகப் பரவலானது. குப்புறப் படுக்க வைத்து, முதுகின் நடுவே கீறி, முறிந்த முள்ளெலும்புக்கு மேல் இரண்டிலும் கீழ் இரண்டிலுமாக டைட்டேனியத் திருகாணிகளைப் பொருத்தி, இரு புறமும் கம்பிகளால் இணைத்தார்கள். தண்டுவடத்தின் பின்புறக் கூரையாக இருக்கும் எலும்புத் தகட்டை நீக்கி இடம் உண்டாக்கினார்கள். கழுத்தில் என்றால் பெரும்பாலும் முன்புறமாகவே போய் வட்டை எடுத்துவிட்டுத் தகடு பொருத்துவார்கள். திருகாணி முதல் சில மாதங்களுக்குத்தான் தாங்கும்; அதற்குள் எலும்போடு எலும்பு கூட வேண்டும். அதற்கு மூன்று முதல் ஆறு மாதங்களும், சிலருக்கு ஓராண்டும் ஆகும். புகைபிடிப்பது எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்பதால், வார்டுக்கு வெளியே தள்ளிச் சென்று "பாவம், ஒரே ஒரு சிகரெட்" என்று கொடுக்கும் நண்பர்களைக் குடும்பத்தார்தான் தடுத்தாக வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை: அழுத்தத்தை நீக்குவதற்காகவா, நிலைநிறுத்துவதற்காகவா, இரண்டுக்குமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? தொற்று, இரத்தப்போக்கு, தண்டுவடத்தின் உறை கிழிதல், திருகாணி இடம் மாறுதல் ஆகியவற்றில் இவருக்கு எது அதிகம் அஞ்சத்தக்கது? எத்தனை நாளில் உட்கார வைப்பீர்கள்? திருகாணி, கம்பிகளுக்கு நாங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? அரசு மருத்துவமனையில் வார்டுக் கட்டணம் குறைவாக இருந்தாலும், உடலுக்குள் பொருத்தும் இந்தப் பொருள்களுக்குக் குடும்பத்தாரிடம் பணம் கேட்பது வழக்கம். கட்ட இயலாதவர்கள் நகையை அடகு வைக்க ஓடும் முன், மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குச் சென்று வருமான விவரங்களைக் காட்டுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிப்பதைப் பற்றியும் அங்கே கேளுங்கள். மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கட்டணம் பன்மடங்கு என்பதால், இங்கே வேலைக்கு வந்த தமிழக இளைஞர்கள் அடிபட்டால் முதலாளியின் காப்புறுதியையும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவையும் முதல் நாளே விசாரிக்க வேண்டும்.

வார்டில் முதல் வாரங்கள்: தோல்

தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே அழுத்தத்தால் வரும் வலி தெரியாமல் போகலாம். நாம் தூக்கத்தில்கூடப் புரண்டு படுப்பது தோல் வலித்து எழுப்புவதால்தான். அவருக்கு அந்த அழைப்பு வராது. எலும்பு துருத்தும் இடங்களில் உடல் எடை தொடர்ந்து அழுத்தினால், சில மணி நேரத்திலேயே இரத்த ஓட்டம் நின்று தசை உள்ளிருந்து அழுகத் தொடங்கும். இதற்கான மருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதுதான். முதல் உலகப் போரில் இப்படி அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மான் என்ற மருத்துவர், நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்ப வைத்தே அந்த நிலையை மாற்றிக் காட்டினார். விலை எதுவும் இல்லாத சிகிச்சை அது. ஆள் மட்டும் வேண்டும்.

எங்கள் வார்டில் இரவில் இரண்டு தாதியர் முப்பது பேரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆனால் தம்பியை இரவில் யார் திருப்புகிறார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் படுக்கை விரிப்பை மாற்றியபோது, முதுகின் அடியில், இரு புட்டங்களுக்கு நடுவே உள்ள எலும்பின் மேல், ஐம்பது காசு அளவில் கறுத்த ஒரு வட்டம் இருந்தது. தொட்டால் சுற்றிலும் சூடாகவும் நடுவில் கெட்டியாகவும் இருந்தது. மேலே அந்தச் சிறு வட்டம்தான்; பத்து நாள் கழித்து இறந்த தோலை நீக்கியபோது, உள்ளே என் கட்டைவிரல் போகும் அளவு பள்ளம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: அறுவைக்குப் பிறகு எந்தப் பக்கமெல்லாம் திருப்பலாம், எத்தனை பேர் வேண்டும் என்று தாதியிடம் கேட்டு, அவர் முன்னிலையில் செய்து பழகுங்கள். திருப்பிய நேரத்தையும் பக்கத்தையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் குதிகால், கணுக்கால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முதுகின் அடி, தோள்பட்டை, பின்தலை ஆகியவற்றைப் பாருங்கள். புத்தகங்களில் "சிவந்த தோல்" என்று எழுதியிருக்கும். நம்முடைய கருநிறத் தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் படாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த இடத்தின் மேல் மீண்டும் படுக்க வைக்காமல் தாதியிடம் காட்டுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் பூசி நீவவோ கூடாது. நைந்த தசை மேலும் நையும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம். சுற்றிலும் அழுத்தி நடுவே இரத்தத்தை நிறுத்திவிடும். குதிகால் மட்டும் அந்தரத்தில் நிற்கும்படி கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசையாத கால்களில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அதைத் தடுக்கத்தான் வயிற்றில் ஊசி போடுகிறார்கள், காலுறை மாட்டுகிறார்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள். "நரம்பு பிடித்திருக்கிறது, நீவினால் சரியாகும்" என்று ஊரிலிருந்து வரும் பெரியவரையோ, ஊருட் எனும் மலாய் நீவல் செய்பவரையோ அனுமதிக்காதீர்கள். வீங்கிய கெண்டைக்காலை நீவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம். திருகாணி பொருத்திய முதுகில் கை வைப்பதும் அதே அளவு ஆபத்து. பெரியவர்களைப் புண்படுத்தாமல் மறுக்க வேண்டுமே என்று தயங்குகிறவர்கள், "டாக்டர் தடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட.

சிறுநீரும் மலமும்

நம் குடும்பங்களில் இதை வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர் வெளியே போய் வேலை பார்க்கிறாரா, வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கால் அல்ல, சிறுநீரும் மலமும்தான் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

தொடக்கத்தில் சிறுநீர்ப் பையில் குழாய் நிரந்தரமாகப் போட்டிருப்பார்கள். நிலைமை சீரானதும், கை நன்றாக இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறை. ஒரு வேளைக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டருக்கு மேல் தேங்கக் கூடாது என்பது கணக்கு. அதற்கேற்பத் தண்ணீர் குடிப்பதையும் நேரத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். நிரம்பிய பை சிறுநீரகத்தை நோக்கிப் பின்னோக்கி அழுத்தினால், பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே "கசியவில்லை, அதனால் சரி" என்று இருந்துவிட வேண்டாம். சிறுநீரகத்தை அவ்வப்போது அல்ட்ராசவுண்டில் பார்க்கும் தேதியை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் கலங்கி நாற்றமடித்தல், கால்களில் இழுப்பு திடீரென அதிகமாதல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். தம்பி முதன்முதலில் தானே செய்து முடித்த அன்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிடம் உள்ளே இருந்தான். அடிபட்ட பிறகு அவன் தன்னந்தனியாகச் சாத்திய முதல் கதவு அது. அம்மா வெளியே நின்று ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார்.

மலத்துக்கு நாளும் நேரமும் பழக வேண்டும். தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே வேளையில், உண்டு அரை மணி நேரத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். உணவு வயிற்றில் விழுந்ததும் குடல் தானே இயங்கத் தொடங்கும். மலவாய் வழி வைக்கும் மருந்தோ, கையுறை அணிந்த விரலால் தூண்டுவதோ தேவைப்படலாம். எது பொருந்தும் என்பது அடிபட்ட மட்டத்தைப் பொறுத்தது என்பதால் தாதியிடம் செய்முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். கீரையும் பழமும் தண்ணீரும் உதவும். எலும்பு வலுக்க வேண்டுமென்று மூன்று வேளையும் ஆட்டெலும்புச் சூப்பும் கறியுமாகக் கொடுத்துப் பத்து நாள் மலம் கட்டிப்போன கதை எங்கள் வீட்டிலேயே உண்டு.

உடனே செயல்பட வேண்டிய ஒரு தலைவலி

மார்புப் பகுதியின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களின் குடும்பத்தார் இந்தப் பத்தியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். உணர்வற்ற பகுதியில் ஏதோ ஒன்று உறுத்தினால், உதாரணமாகச் சிறுநீர்க் குழாய் மடங்கிப் பை நிரம்பினால், மலம் கட்டினால், நகம் சதையில் குத்தினால், உடல் அதை வலியாக உணராது. மாறாக இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். பொறுக்க முடியாத தலைவலி, முகம் சிவத்தல், அடிபட்ட இடத்துக்கு மேலே மட்டும் வியர்வை, மூக்கடைப்பு ஆகியவை அறிகுறிகள். உடனே உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான ஆடையையும் பட்டையையும் தளர்த்துங்கள். முதலில் சிறுநீர்க் குழாயைப் பாருங்கள், பிறகு மலத்தை, பிறகு தோலை. காரணத்தை நீக்கியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் 999-ஐ அழையுங்கள், ஏனென்றால் மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கும் அபாயம் உண்டு. எல்லா மருத்துவரும் இதை அடிக்கடி பார்ப்பவர்கள் அல்லர். நோயாளியின் வழக்கமான இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை நோட்டில் எழுதிவைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

மறுவாழ்வுச் சிகிச்சை

வார்டிலிருந்து நேரே வீட்டுக்கு அனுப்பப் பார்த்தால், மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும், லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மறுவாழ்வுப் பிரிவும் இதற்கென இருப்பவை. பினாங்கில் இருப்பவர்கள் ஜார்ஜ்டவுன் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனையில் தொடங்க வேண்டும். சொக்சோ சந்தாதாரர்களுக்கு மலாக்காவில் அந்நிறுவனத்தின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது; தங்கிப் பயிற்சி பெறலாம்.

முதலில் உட்காருவதே பாடம். பல வாரங்கள் படுத்திருந்தவரை நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். வயிற்றில் பட்டை கட்டி, சாய்வுப் பலகையில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். பிறகு கையை ஊன்றி எழும்புதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், ஆடை அணிதல், சக்கர நாற்காலி ஓட்டுதல். இழுப்பு அதிகமானால் அதற்கு மருந்து உண்டு. எரிவது போன்ற நரம்பு வலிக்கும் தனி மருந்துகள் உண்டு, சாதாரண வலி மாத்திரை அதற்குப் போதாது. திரும்பக்கூடிய வலு பெரும்பாலும் முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களில்தான் வேகமாகத் திரும்பும். அதன் பிறகும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை மெல்லிய முன்னேற்றம் இருக்கலாம். ஆகவே முதல் மாதங்களைக் கோயில் கோயிலாகவும் வைத்தியர் வைத்தியராகவும் அலைந்து செலவிட வேண்டாம். வேண்டுதல் இருக்கட்டும், பயிற்சி நாள் தவறக் கூடாது. தண்டுவடத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசி விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். தண்டுவடக் காயத்தைக் குணப்படுத்துவதாக நிறுவப்பட்ட குருத்தணு சிகிச்சை இன்று இல்லை. அந்தப் பணத்தில் நல்ல சக்கர நாற்காலியும் அழுத்தம் பரப்பும் மெத்தையும் வாங்கலாம்.

இரவல் நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் உட்கார வைக்காதீர்கள். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரையுள்ள உயரம் ஆகியவற்றைத் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் அளந்து எழுதித் தருவார். நாற்காலியில் இருக்கும்போதும் கால் மணி முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை, ஓரிரு நிமிடங்கள் முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து புட்டத்தின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும்.

இளம் வயதினர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒன்றும் உண்டு. இல்லற வாழ்வும் குழந்தைப் பேறும் முடிந்துபோய்விடவில்லை. அதற்கு மருந்துகளும் வழிமுறைகளும் இருக்கின்றன. மறுவாழ்வு மருத்துவரிடம் தனியாகப் பேச அவருக்கு இடம் கொடுத்து, குடும்பத்தார் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, "நான் செத்தே போயிருக்கலாம்" என்று சொல்வது ஆகியவற்றை அலட்சியப்படுத்தாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீடு

வீடு திரும்பும் தேதிக்கு முன்பே வாசல் நிலையின் அகலத்தை அளந்து, நாற்காலியின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். குந்து கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில், நடுவில் திறப்புள்ள நாற்காலி ஒன்று போதும். அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருப்பவர்கள், மின்தூக்கி அடிக்கடி பழுதாகும் இடமாக இருந்தால், கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்டு மருத்துவரின் கடிதத்தோடு வீடமைப்பு அலுவலகத்தில் மனுச் செய்யுங்கள். வெந்நீரைக் கையில் ஊற்றிப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். மோட்டார் சைக்கிள் புகைக்குழாயில் கால் பட்டு வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

அலுவலக வேலைகள்

சாலை விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் வேண்டும். அடிபட்டவரால் இயலாதபோது குடும்பத்தில் ஒருவர் தாமதிக்காமல் போய்ச் செய்து, புகாரின் நகலை வாங்கி வையுங்கள். வேலைக்குப் போகும், வரும் வழியில் நடந்த விபத்தும் சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் அடங்கும். முதலாளி தமக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நடந்தது வழக்கமான பாதைதான் என்பதைக் காட்ட வேண்டியிருப்பதால் வேலை நேரம், வீட்டு முகவரி, பாதையின் வரைபடம் எல்லாம் தேவைப்படும். வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தானாலும், போதிய சந்தா கட்டியிருந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. மீண்டும் வேலையில் சேர்க்கும் திட்டமும் அங்கேயே இருக்கிறது. தம்பி இப்போது வேலை பார்ப்பது அதன் உதவியால்தான். மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பியுங்கள். படிவத்தில் மருத்துவரின் சான்று வேண்டும்.

எதிர்த்தரப்பு வாகனத்தின் காப்புறுதியிடம் இழப்பீடு கோர ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆகவே வார்டுக்கே வந்து "நான் எல்லாம் வாங்கித் தருகிறேன், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்பவரிடம் அவசரப்பட வேண்டாம். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் பங்கு பேசுவதை மலேசியச் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரை நீங்களே அலுவலகத்தில் போய்ப் பாருங்கள்.

இவையெல்லாம் வரிசையாக வரும். ஒரே நாளில் செய்துவிட முடியாது. உங்களுடையவர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார் என்றால், இன்று மாலைப் பார்வையாளர் நேரத்தில் போகும்போது பழக்கூடையோடு ஒரு நோட்டும் பேனாவும் சிறு கைக்கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். போர்வையை விலக்கி, இரு குதிகால்களையும் கையில் ஏந்தி, அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பிறகு தாதியிடம் போய், இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவரை யார் திருப்புவார்கள் என்று கேளுங்கள்.